மறைக்கப்பட்ட அரசியல் வரலாற்றைத் தமிழ் சினிமா உண்மையிலேயே மீட்டுத் தருகிறதா?

பாதி மீட்டுத் தருகிறது என்பேன். நடந்த கொடுமை திரைக்கு வருகிறது. எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருக்கு நடந்தது என்பது பெரும்பாலும் வருவதில்லை. என்னை உறுத்துவது இந்த இரண்டாவது பாதிதான்.

மாரி செல்வராஜின் 'கர்ணன்' படம் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று, தூத்துக்குடிப் பக்கம் தலித் மக்கள் வாழும் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடு வீடாக அடித்து நொறுக்கியது. பண்டபாத்திரம் மட்டுமல்ல, பையன்களின் படிப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட்கூடத் தப்பவில்லை. குடிக்கிற கிணற்றில் விஷத்தைக் கொட்டினார்கள் என்று ஊர்மக்கள் சொன்னார்கள். படத்தில் அந்த ஊர் பொடியன்குளம் ஆகிவிட்டது. அது பரவாயில்லை, யாருக்கும் புரியும். 2021 ஏப்ரலில் படம் வெளியானதும் பெரிய சர்ச்சை ஆனது எது தெரியுமா? ஆண்டு. திரையில் 1997 என்று போட்டிருந்தார்கள். 1995-இல் அதிமுக ஆட்சி, 1997-இல் திமுக ஆட்சி. உதயநிதி ஸ்டாலின் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு '90களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். திருத்திய பிறகும் 1995 வரவில்லை! ஆண்டு அழிந்தால், பதில் சொல்ல வேண்டிய ஆட்சி எது என்ற கேள்வியும் சேர்ந்தே அழிந்துவிடும். இன்று இருபது வயதில் இருக்கும் ஒருவர் கொடியன்குளத்தைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் படம் சொன்னது மட்டும்தான்.

'ஜெய் பீம்' கதையும் இதுதான். 1993-இல் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு, கம்மாபுரம் காவல் நிலையத்தில் சித்திரவதையில் இறந்த ராஜாக்கண்ணுவின் பெயரை அப்படியே வைத்தார்கள், சாதியை மாற்றிவிட்டார்கள். அவர் குறவர், படத்தில் இருளர். இருளர்கள் படும் பாடும் உண்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று பிரிட்டிஷ்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்த பிறகும், எங்கே நகை காணாமல் போனாலும் குறவர் வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கம் போகவில்லையே, அந்த வரலாறு படத்திலிருந்து நழுவிவிட்டது. ராஜாக்கண்ணுவின் மனைவி பார்வதியை ஊடகங்கள் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தது படத்தால் விளைந்த நன்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரையும் பெயரையும் மறைக்காமல் எடுத்த படம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை'. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரிக்கப்பட்ட, தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைப் பற்றிய ஆவணப்படம். தப்பிப் பிழைத்தவர்களே அதில் பேசுகிறார்கள். ஆவணப்படம் என்பதால் பார்த்தவர்கள் குறைவு. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை, அதாவது பெரும் நிலக்காரர்களை, விடுவித்த உயர்நீதிமன்றம், நிலபுலனும் காரும் உள்ள இவர்கள் நடந்தே போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது. எந்த வசனகர்த்தாவும் எழுதத் துணியாத வாதம் அது. தியேட்டரில் ஓடும் ஒரு பெரிய படத்தில், ஊர்ப்பெயரோடும் தேதியோடும் அந்தத் தீர்ப்பை வாசிக்கக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.