தடிப்பு வந்தது சாக்லேட்டாலா, உள்ளே இருந்த பருப்பாலா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. போன தீபாவளிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த அவன் அத்தை கொடுத்த சாக்லேட்டைச் சாப்பிட்டு, கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. அப்புறம் ஒரு பிறந்தநாள் விழாவில் மறுபடியும் அப்படியே ஆகி, உதடும் வீங்கிவிட்டது. இப்போது சாக்லேட்டே கொடுப்பதில்லை. பள்ளியில் மற்ற பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்து அழுகிறான். காலம் முழுக்க இப்படித்தானா?

பதில்: முதலில் அந்த இரண்டு சாக்லேட்டின் உறையும் கிடைக்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் அத்தையிடம் பெயரையாவது கேட்டு வாங்குங்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

கோகோவுக்கே ஒவ்வாமை என்பது மிக அரிது. பால், வேர்க்கடலை, முந்திரி, பாதாம், ஹேசல்நட் என்ற வெளிநாட்டுக் கொட்டை, சோயா, கோதுமை என்று சாக்லேட்டோடு சேர்ந்து வருபவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள். ஆகவே உங்கள் மகன் வேறு எதையெல்லாம் தொல்லையில்லாமல் சாப்பிடுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் பாலும் தயிரும் சாப்பிடுகிறானா? அப்படியானால் பாலை விட்டுவிடலாம். கடலை மிட்டாய் ஒத்துக்கொள்கிறதா? வேர்க்கடலையும் இல்லை. சப்பாத்தி, பொங்கலில் போடும் முந்திரி, பாதாம் பால் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் மிஞ்சுவது பல வீடுகளில் ஹேசல்நட்தான். நம் சமையலில் அது கிடையாது. வெளிநாட்டுச் சாக்லேட்டிலும் ரொட்டியில் தடவும் சாக்லேட் ஸ்ப்ரெட்டிலும்தான் நம் பிள்ளைகள் வாயில் அது படுகிறது. அதனால் பழி சாக்லேட்டின் மேல் விழுந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, சந்தேகப்பட இடம் இருக்கிறது.

இந்தக் கணக்கு மனதில் போட்டுப் பார்க்க மட்டும்தான். 'ஒரு துண்டு கொடுத்துப் பார்ப்போம்' என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். உதடு வீங்கிய பிள்ளை. ஒவ்வாமை மருத்துவரிடம் தோல் குத்துச் சோதனையோ, ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையோ செய்யலாம். தோல் சோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நூறு, இருநூறு உணவுகளுக்கு 'ஐஜிஜி' (IgG) என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்த்துத் தருகிறோம் என்று விற்கும் பேக்கேஜில் பணத்தைப் போடாதீர்கள். ஒரு பொருளைச் சாப்பிட்டுப் பழகியவருக்கும் ஐஜிஜி இருக்கும், அது ஒவ்வாமைக்குச் சாட்சி அல்ல.

சாக்லேட் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல், படபடப்பு என்பவர்கள் கதை வேறு. அது ஒவ்வாமை இல்லை, கோகோவில் உள்ள காஃபீன், அதைப் போன்ற தியோபுரோமின் ஆகியவற்றின் வேலையாக இருக்கலாம். கவரிங் நகையில் கலக்கும் நிக்கல் என்ற உலோகம் கோகோவிலும் நிறைய உண்டு. கவரிங் நகை போட்டாலே அரிக்கும் சிலருக்கு, சாக்லேட் அதிகமானால் கையில் அரிப்புப் புண் கிளம்புவது அதனால்தான்.

என்ன பொருள் என்று தெரிந்த பிறகு உறையைப் படிக்கும் பழக்கம் வேண்டும். இந்தியாவில் பால், வேர்க்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா, பசையம் உள்ள தானியங்கள் முதலியவை இருந்தால் உறையில் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. 'மே கன்டெய்ன்' (இது கலந்திருக்கலாம்) என்ற வரியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஒரே இயந்திரத்தில் பல சாக்லேட் ஓடும்போது ஒன்றின் எச்சம் மற்றதில் ஒட்டிக்கொள்ளும். பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் டார்க் சாக்லேட்டை நம்பி ஏமாறுவது இதனால்தான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பொருட்பட்டியலில் பால் இல்லாத 88 டார்க் சாக்லேட்டுகளில் 51-இல் பால் இருந்தது. உறையே இல்லாத கேக், உதிரிச் சாக்லேட் எல்லாம் சோதனை முடியும்வரை வேண்டாம்.

தடிப்பு மட்டும் என்றால், மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒவ்வாமை மருந்து போதும். மூச்சு இளைப்பு, குரல் கம்மல், திரும்பத் திரும்ப வாந்தி, சோர்ந்து சாய்வது என்று வந்தால் மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்போது தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசியைக் கையில் வைத்திருக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், வகுப்பாசிரியரிடமும் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பால் ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். வேர்க்கடலையும் கொட்டைகளும் அவ்வளவு சுலபத்தில் விடுவதில்லை. ஆனால் ஹேசல்நட் ஒன்றுதான் என்று உறுதியானால், அது கலக்காத சாக்லேட்டை மருத்துவர் கண்முன்னால் கொடுத்துப் பார்த்து, அப்புறம் வீட்டிலும் தரலாம். பள்ளிக்கு அதில் ஒன்றைப் பையில் போட்டு அனுப்புங்கள், யார் பிறந்தநாளாக இருந்தாலும் அவன் கையிலும் ஒன்று இருக்கும்.