யார், யாரிடம், எப்போது?

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களிலிருந்து ஒரு நோட்டில் பிடித்த வரிகளை எழுதி வருகிறேன். சினிமா வசனம், நாவலில் வந்தது, காமிக்ஸில் வந்தது எல்லாம் அதில் உண்டு. மனம் சோர்ந்தால் எடுத்துப் படிப்பேன். 'முழுப் புத்தகம் படிக்கச் சோம்பல், அதற்குத்தான் இந்த நோட்டு' என்று நண்பன் கேலி செய்கிறான். காமிக்ஸ் வசனத்தையும் இலக்கிய வரியையும் ஒன்றாக வைக்கலாமா? பல வசனங்கள் சொல்லுக்குச் சொல் நினைவில் நிற்பதில்லை, அது தவறா? உங்களுக்குப் பிடித்த பத்து வரிகளைத் தருவீர்களா? என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

பத்து வரி தரப் போவதில்லை. பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன, நானும் ஒன்று போட வேண்டியதில்லை. காமிக்ஸையும் இலக்கியத்தையும் தாராளமாக ஒரே நோட்டில் வையுங்கள். வார்த்தை மாறிப்போவதைப் பற்றியும் கவலை வேண்டாம். 'இன்னொரு முறை வாசி, சாம்' என்ற வசனம் 1942-இல் வந்த 'காசாபிளாங்கா' படத்தில் எங்குமே இல்லை. ஷெர்லக் ஹோம்ஸ் சொன்னதாக ஊர் உலகமே சொல்லும் 'இது மிகச் சாதாரணம், அன்புள்ள வாட்சன்' என்ற வாக்கியம் கானன் டாயில் எழுதிய 4 நாவல்களிலும் 56 சிறுகதைகளிலும் கிடையாது. இத்தனை பேர் மாற்றி நினைவு வைத்திருக்கும்போது உங்களுக்கு ஒரு சொல் தவறினால் என்ன?

என்னை எழுத உட்கார வைத்தது நீங்கள் இணைத்த அந்தப் பக்கம். அழகான கையெழுத்து. ஒவ்வொரு வரியையும் ஆசையோடு எழுதியிருப்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஒன்றின் கீழும் பெயர் இல்லை. யார் பேசியது, எதிரே நின்றது யார், அதற்கு முன் என்ன நடந்தது, எதுவுமே இல்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

'உனக்கு நீ உண்மையாக இரு' என்று எழுதி, பக்கத்தில் 'என் லட்சியம்' என்று குறித்திருக்கிறீர்கள். 'ஹாம்லெட்' நாடகத்தில் பொலோனியஸ் பாரிசுக்குக் கிளம்பும் மகனிடம் சொல்வது அது. அடுத்த அங்கத்திலேயே அதே அப்பா மகனை வேவு பார்க்க ஓர் ஆளை அனுப்புகிறார். அவனைப் பற்றி இல்லாத பழிகளைச் சொல்லு, கேட்பவர்கள் வாயிலிருந்து உண்மை வரும் என்று யோசனையும் சொல்லித் தருகிறார். ஷேக்ஸ்பியர் அங்கே உபதேசம் செய்யவில்லை. உபதேசம் செய்யும் ஒரு மனிதரைக் காட்டுகிறார். இதை அறிந்த பிறகும் அந்த வரி உங்கள் லட்சியமாக இருக்கலாம். ஆனால் அறிந்திருக்க வேண்டும் இல்லையா?

அப்புறம் உங்கள் ஸ்பைடர்மேன் வரி. 'பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும்.' 1962-இல் வந்த முதல் கதையில் அதை மாமா பென் சொல்லவில்லை. கதையின் கடைசிக் கட்டத்தில், ஸ்பைடர்மேனாகிவிட்ட பீட்டர் இருட்டுக்குள் நடந்து போகும்போது கதைசொல்லியின் குரலாக வருகிறது. தனக்கென்ன என்று அவன் தப்பவிட்ட திருடன்தான் மாமாவைக் கொன்றவன் என்பது அதற்குச் சற்று முன்னால்தான் அவனுக்குத் தெரிகிறது. 2002-இல் வந்த படத்தில் மாமாவே உயிரோடிருக்கும்போது காரில் உட்கார்ந்து புத்திமதியாகச் சொல்கிறார். படத்தில் அது பின்பற்றியிருக்கக்கூடிய ஓர் அறிவுரை. காமிக்ஸிலோ எல்லாம் முடிந்தபின் வந்த அறிவு, சொல்லித்தர யாருமே மிச்சமில்லை. எனக்குக் காமிக்ஸில் இருப்பதுதான் நெஞ்சை அடைக்கிறது.

நான் மெய்ப்புத் திருத்தப் பழகிய காலத்தில் எனக்கு மேலே ஒரு பெரியவர் இருந்தார். கட்டுரையில் மேற்கோள் வந்தால் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் கோடிழுத்து 'யார், யாரிடம், எப்போது?' என்று எழுதுவார். மூன்றுக்கும் பதில் வராமல் பக்கம் அச்சுக்குப் போகாது. ஒரு கட்டுரையில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' வந்தது. அதற்கும் கோடிழுத்தார். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே ஐயா" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டை முழுதாகச் சொன்னார். மேசையைப் பார்த்தபடி, நிறுத்தி நிறுத்தி. 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்ற இடத்தில் குரல் கம்மிவிட்டது. அவர் மனைவி இறந்து ஓராண்டுகூட ஆகாத சமயம் அது.

உங்கள் பக்கத்திலும் அந்த முதல் வரி மட்டும் இருக்கிறது. மேடைகளிலும் அப்படித்தான். தனியாக நின்றால் அது ஒரு வரவேற்பு வாசகம். முழுப் பாட்டையும் படித்துப் பாருங்கள். தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவதில்லை. சாவு புதிதில்லை. வாழ்வது இனிது என்று நாங்கள் துள்ளியதும் இல்லை, வெறுத்து அதைத் துன்பம் என்று சொன்னதும் இல்லை. மின்னலோடு மழை பெய்து, பாறைகளில் மோதி இரைந்தோடும் பெரிய ஆறு, அதன் போக்கில் போகும் தெப்பம், அப்படித்தான் இந்த அருமையான உயிரும். ஆகவே பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. யாவரும் உறவினர் என்று அவர் ஏன் சொன்னார் என்பது இப்போதுதான் விளங்குகிறது. அதே ஆற்றில் எல்லாரும் போகிறார்கள், யாருக்கும் துடுப்பு இல்லை. சாவைப் பார்த்து முடித்த ஒருவர் சொன்ன உறவு அது. புறநானூற்றில் 192-ஆம் பாட்டு, மொத்தம் 13 வரிகள். இத்தனை ஆசையோடு நோட்டு எழுதுபவர் மீதி 12 வரிகளைப் படிக்காமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாரதியின் 'வீழ்வேன் என்று நினைத்தாயோ'வுக்கும் இதே கதிதான். சவால் விட்டு மீசை முறுக்கும் வரியாக எல்லாரும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த அடியிலேயே 'நின்னைச் சில வரங்கள் கேட்பேன்' என்று பராசக்தியிடம் கையேந்துகிறார். என்றும் சந்தோஷம் கொண்டிருக்கச் செய்வாய் என்று கேட்கிறார். அந்த வேண்டுதலோடு சேர்த்துப் படித்தால் முதல் பாதியின் குரலே வேறு.

உங்கள் நண்பர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். சோர்ந்த மனத்துக்கு ஒரு வரி போதும் என்ற நாட்கள் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கின்றன. நோட்டை நிறுத்தாதீர்கள். வலப்பக்கம் வரியை எழுதி, இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். பெரியவர் கேட்ட மூன்றையும் அங்கே எழுதுங்கள். தெரியாவிட்டால் போய்த் தேடிப் படியுங்கள்.

பக்கத்தின் கடைசியில், ஒரு தாய் மகனிடம் சொல்வது போல ஒரு வரி இருக்கிறது. அதை நான் எங்கும் படித்ததில்லை. எந்தக் கதை, எந்த இடம்? எனக்கு அதை முழுதாகப் படிக்க வேண்டும், மறக்காமல் எழுதுங்கள்.