சாதுவா, சோகையா?

கேள்வி: சாலையோரம் கைவிடப்பட்டுக் கிடந்த நான்கு வயதுப் பெண் அல்சேஷனை ஒருவர் மீட்டு வைத்திருக்கிறார். "ரொம்ப சாது, குழந்தை மேலே ஏறினாலும் ஒன்றும் செய்யாது" என்கிறார். தடுப்பூசிக்கும் வண்டிக்கும் என்று 8,500 ரூபாய் முன்பணம் கேட்கிறார். எங்கள் மகனுக்கு ஆறு வயது. ஆடு மேய்க்கிற இனம் குழந்தைகளைத் துரத்தும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். எடுக்கலாமா? – ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: எடுக்கலாம் அம்மா. இன்றைக்கே வேண்டாம், அவ்வளவுதான். அந்த 8,500 ரூபாயையும் அனுப்பிவிடாதீர்கள்.

"சாது" என்ற சொல்லை என் கிளினிக்கில் தினமும் கேட்கிறேன். தெருவில் பட்டினி கிடந்த நாய் அசையாமல் படுத்திருந்தால், அது குணமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம். முதல் நாள் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நேரில் போங்கள். வைத்திருப்பவரையே அதன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நடுவே கருப்புத் திட்டுகள் இருந்தால் பரவாயில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தால் அது சாது இல்லை, சோகை. நம் ஊரில் அதற்குப் பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல்தான் காரணமாக இருக்கும். ரத்தம் எடுத்து, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் உறுதியானால் நான்கு வாரம் மாத்திரை. அதற்குப் பிறகு எழுந்து நடமாடுகிறதே, அதுதான் நீங்கள் வளர்க்கப்போகிற நாய். "தங்கமான நாய் டாக்டர், வாயே திறக்காது" என்று ஒரு குடும்பம் என்னிடம் கொண்டுவந்தது. ஐந்தாவது வாரம் கூரியர் பையனின் பைக்கைத் தெருமுனை வரை துரத்தியிருக்கிறது. நாய் கெட்டுப்போகவில்லை, உடம்பு தேறிவிட்டது.

துரத்தும் என்பது உண்மைதான். ஜெர்மனியில் வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே மந்தை மேயும்போது, ஆடு பயிரில் வாய் வைக்காதபடி ஓரமாக நாள் முழுக்க நடந்து மறிப்பதுதான் இந்த நாய்களின் வேலை. 1899இல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி இதைத் தனி இனமாகப் பதிவு செய்ததே அந்த மேய்ச்சல் நாய்களிலிருந்துதான். உங்கள் பையன் ஹாலில் ஓடினால் அதன் கண்ணுக்கு எல்லை தாண்டுகிற ஆடு. சுற்றி வந்து மறிக்கும், சில சமயம் குதிகாலைக் கவ்வும். அதில் கோபம் கிடையாது, ஆனால் பல் படும். நாய் பின்னால் வந்தால் மரம் மாதிரி நின்றுவிட வேண்டும் என்று பையனுக்கு இப்போதே விளையாட்டாகப் பழக்குங்கள். இருவரையும் தனியாக விடாதீர்கள், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி.

இப்போது அந்த 8,500. தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். ஊசி மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். மூன்று தேதியும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஸ்டிக்கர் இல்லை என்றால் அந்த அட்டையைக் கிழித்துப் போடலாம். வெறிநோய் ஊசியைப் புதிதாகப் போடுங்கள். அடுத்து, அடிவயிற்றைப் பாருங்கள். மடி தொங்கி, காம்புகள் நீண்டிருந்தால் பலமுறை குட்டி போட்ட நாய். குட்டி வியாபாரத்துக்கு வைத்திருந்து, இனி லாபமில்லை என்றதும் "மீட்டோம்" என்று தள்ளிவிடுகிற தரகர்கள் பெருகிவிட்டார்கள். 2017 விதிப்படி, நாய் இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், போன் கட்டாகிவிடும். நாயை அநாதையாக விட்டுவிட்டுப் போனவனுக்கு 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முதல் முறை விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. டீயும் வடையும் சாப்பிட்டாலே அவ்வளவு செலவாகும். யாருக்குப் பயம் வரும்?

பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஊசி போட்ட மருத்துவரின் ரசீதுக்கு மட்டும் கொடுங்கள். "மூன்று வாரம் வைத்துப் பாருங்கள், காய்ச்சல் இருந்தால் மாத்திரை முடிந்த பிறகு மூன்று வாரம். ஒத்துவராவிட்டால் நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு நாய் பாருங்கள். இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, கருத்தடை அறுவை, மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் பிறகு பார்க்க முடியாது. உண்ணிக்கு என்று யாராவது "ஆட்டுக்குப் போடுகிற ஊசிதான், ஐம்பது ரூபாய்" என்று ஐவர்மெக்டின் போட வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மேய்ச்சல் இனங்கள் சிலவற்றில், இந்த மருந்தை மூளைக்குள் விடாமல் வெளியே தள்ளுகிற காவல் பிறவியிலேயே பழுதாகியிருக்கும். கோலி இனத்தில் இது மிக அதிகம், அல்சேஷனில் குறைவு. குறைவுதானே என்று விட முடியாது, சாலையில் கிடைத்த நாயின் பாட்டன் யாரென்று யாருக்குத் தெரியும்? ஊசி ஏறிய பிறகு தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், கண் விரிதல், வலிப்பு, சில சமயம் கோமா. முறிமருந்து கிடையாது. உண்ணிக்கு மென்று தின்னும் மாத்திரைகள் வந்துவிட்டன. விலை கூடுதல்தான், ஆனால் இந்த ஆபத்து இல்லை. முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நாயை மீட்டவர் ஏற்கெனவே ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிட்டாரா, என்றைக்கு, எவ்வளவு என்பதை முதலில் கேட்டுத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ரத்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அந்தக் குறிப்பையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.