2,000 எச்சரிக்கைகளுக்கு நடுவே ஒரு பிழை

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில், கடைகளுக்கு பில் போடும் மென்பொருளைப் பைத்தானில் எழுதுகிறோம். சென்ற வாரம் ஒரு வாடிக்கையாளரின் பில்லில் அவருக்கு முன்னால் வந்தவர் வாங்கிய அரிசியும் சேர்ந்துவிட்டது. டெஸ்ட்கள் எல்லாம் தேறுகின்றன. நிரலைப் படித்துத் தவறுகளைச் சுட்டும் கருவியான லின்டரை ஓட்டினால் 2,000 எச்சரிக்கைகள். ‘ஆகாத வேலை, எடுத்துவிடுங்கள்’ என்கிறார் குழுத் தலைவர். என்ன செய்வது? – வாசகி, அல்சூர்

பதில்: எடுத்துவிடாதீர்கள். நீங்கள் தேடும் பிழை அந்த 2,000-க்குள்ளேயே இருக்கலாம்.

பில் போடும் ஃபங்ஷனின் முதல் வரியைப் பாருங்கள். பொருட்பட்டியலுக்கு இயல்பு மதிப்பாக (அழைக்கும்போது எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) காலி லிஸ்ட், அதாவது வெறும் சதுர அடைப்புக்குறி இருக்கிறதா? பைத்தான் அந்த லிஸ்டை ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உருவாக்குவதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் உருவாக்குகிறது. முதல் ஆள் போட்ட அரிசி அதிலேயே கிடக்கும். அடுத்தவர் பில்லிலும் ஏறும். ஒரே ஒரு பில் போட்டுப் பார்க்கும் டெஸ்டில் இது எப்படித் தெரியும்? இயல்பு மதிப்பை ‘நன்’ (None, எதுவும் இல்லை) என்று மாற்றிவிட்டு, காலி லிஸ்டை ஃபங்ஷனுக்குள் உருவாக்குங்கள்.

இந்தத் தவற்றைப் பைலின்ட் என்ற லின்டர் டபிள்யூ0102 என்ற எண்ணில் சொல்லும். ரஃப் என்ற லின்டரைப் பயன்படுத்தினால் பி006. ரஃப்பின் பி வரிசை விதிகளை அமைப்புக் கோப்பில் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

குழுத் தலைவரின் சலிப்பிலும் நியாயம் உண்டு. வரி நீளம், இடைவெளி, மேற்கோள் குறி பற்றிய புகார்கள் லின்டரில் வரவே கூடாது. அவற்றை, நிரலின் தோற்றத்தைத் தானே சீராக்கும் ஃபார்மட்டரிடம் விடுங்கள். இப்போதைக்கு ரஃப்பில் எஃப் (வரையறுக்காத பெயர், பயன்படாத இம்போர்ட் போன்றவை), பி வரிசைகளும், எந்தப் பிழையையும் விழுங்கிவிடும் வெற்று ‘எக்ஸெப்ட்’டைப் பிடிக்கும் இ722-உம் போதும். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக முதல் ‘லின்ட்’டை எழுதியதும், கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்ட தவறுகளைப் பொறுக்கத்தான். துணியில் ஒட்டும் பஞ்சுத்துகள் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

பழைய கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் புறப்படாதீர்கள். மாற்றங்களைப் பதிவுசெய்யும் கமிட்டுக்கு முன், மாறிய கோப்புகளை மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். ஓர் எச்சரிக்கையை அடக்க வேண்டியிருந்தால், அதற்கான ‘நோகியூஏ’ (noqa) குறிப்பை மொட்டையாக விடாமல், விதி எண்ணையும் காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தானியங்கித் திருத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள்: பயன்படாததாகத் தோன்றும் இம்போர்ட்டை வேறொரு கோப்பு நம்பியிருக்கக்கூடும்.

லின்டர் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. 18 சதவீத வரி வர வேண்டிய இடத்தில் 5 என்று எழுதியிருந்தால் அது வாய் திறக்காது. அதற்கு டெஸ்ட்தான் வேண்டும். இரண்டு பில்களை அடுத்தடுத்துப் போட்டு, இரண்டாவதில் அரிசி இல்லை என்று உறுதிசெய்யும் டெஸ்டை இன்றே எழுதிவிடுங்கள்.