குண்டு விழும் ஊரில் மாசு குறைவதாகச் செயற்கைக்கோள் காட்டுவது ஏன்?

கேள்வி: போர் என்றாலே தீயும் புகையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சிரியாவிலும் உக்ரைனிலும் போர் மூண்ட பிறகு காற்று மாசு குறைந்ததாகச் செயற்கைக்கோள்கள் காட்டின என்று படித்தேன். இது எப்படி முடியும்?

பதில்: நீங்கள் படித்த செய்தி பெரும்பாலும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற ஒரு வாயுவைப் பற்றியதாக இருக்கும். வாகன எஞ்சின், அனல் மின் நிலையம், உருக்காலை என எரிபொருள் உயர் வெப்பத்தில் எரியும் இடங்களிலெல்லாம் இது பிறக்கிறது. குண்டு வெடிப்பிலும் தீயிலும் இது உண்டாகும் என்றாலும், ஒரு நகரம் நாள்தோறும் ஓட்டும் வாகனங்களும் இயக்கும் ஆலைகளும் வெளியிடும் அளவு அதைவிடப் பெரிது. போர் அந்த நகரத்தின் இயக்கத்தையே நிறுத்திவிடும்போது, வெடிகுண்டுகள் சேர்ப்பதைவிட நின்றுபோன எஞ்சின்கள் குறைப்பது மிகுதியாகிவிடுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியது ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த யோஸ் லெலிவெல்ட் தலைமையில் நடந்து, 2015இல் வெளிவந்த ஆய்வு. 2004இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளில் இருந்த ஓமி என்ற கருவியின் பத்தாண்டுத் தரவுகளை அவர்கள் ஆராய்ந்தபோது, உள்நாட்டுப் போர் தொடங்கிய 2011க்குப் பிறகு டமாஸ்கஸ், அலெப்போ நகரங்களின் மேல் இந்த வாயு 40 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருந்தது. அதே நேரத்தில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய அகதிகளை ஏற்றுக்கொண்ட அண்டை நாடான லெபனானில் 2014இல் அது 20 முதல் 30 விழுக்காடு கூடியிருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வில் மிக முக்கியமானது இந்த இரண்டாவது எண்தான். சிரியாவின் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் காற்று தூய்மையானது என்று எழுதிவிடக்கூடும். லெபனானையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் வீடிழந்து எல்லை தாண்டிய மக்களும் அவர்களுடைய அடுப்பும் வண்டியும் தெரியவரும்.

உக்ரைனில் மரியுபோல் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரின் அஸோவ்ஸ்டால், இலிச் என்னும் இரண்டு உருக்காலைகளும் நாட்டின் மிகப் பெரிய மாசு வெளியீட்டாளர்களில் அடங்கும். 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா படையெடுத்ததற்குப் பிந்தைய முற்றுகையில் இரண்டும் செயலிழந்தன; மக்களில் பெரும்பாலோர் வெளியேறினர், பல்லாயிரம் பேர் இறந்தனர் என்று அஞ்சப்படுகிறது. அங்கே மாசு குறைந்ததை நற்செய்தியாக யாரும் எழுதக்கூடாது.

கேள்வி: 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு வாயுவை எப்படி அளக்கிறார்கள்? காற்று அதை அடித்துச் சென்றுவிடாதா?

பதில்: 2017 அக்டோபரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள டிரோப்போமி கருவி, பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு ஊதா, நீல நிற ஒளியின் குறிப்பிட்ட அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்வதால், திரும்பி வரும் ஒளியில் அந்த இடங்கள் மங்கியிருக்கும். மங்கலின் அளவிலிருந்து வாயுவின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வோர் இடத்தையும் நாளுக்கு ஒருமுறை, உள்ளூர் நேரம் பிற்பகல் ஒன்றரை மணியளவில் அது பார்க்கிறது. படத்தின் ஒரு புள்ளி 2019 ஆகஸ்ட் முதல் சுமார் 5.5 கிலோமீட்டருக்கு 3.5 கிலோமீட்டர் பரப்பைக் குறிக்கிறது.

கருவி அளப்பது காற்றில் இருக்கும் வாயுவின் அளவை மட்டுமே. ஆலை எவ்வளவு வெளியிட்டது என்பதை அன்று. ஓட்டைத் தொட்டியில் நிற்கும் நீரின் மட்டத்தை மட்டும் வைத்து, குழாய் எவ்வளவு வேகமாகத் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது அல்லவா? ஓட்டையின் அளவும் தெரிய வேண்டும். இங்கே ஓட்டை என்பது காற்றின் வேகமும் வாயு சிதையும் வேகமும் ஆகும். கோடையில் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும் இந்த வாயு, வெயில் குறைந்த குளிர்காலத்தில் ஒரு நாள் வரைகூடத் தங்கும். விரைவில் அழிவதால்தான் அது பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை, ஒரு மின் நிலையத்தைத் தனியாக அடையாளம் காணவும் முடிகிறது. நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் கார்பன் டை ஆக்சைடில் இது மிகக் கடினம். காற்றும் வெயிலும் இப்படி அளவை மாற்றிவிடுவதால் ஆய்வாளர்கள், போர் இல்லாதிருந்தால் அதே வானிலையில் எவ்வளவு வாயு இருந்திருக்கும் என்று கணினி மாதிரியில் கணக்கிட்டு, அதையும் அளந்ததையும் ஒப்பிடுகிறார்கள்.

இந்த ஒப்பீட்டில் தடுக்கி விழ வாய்ப்புள்ள இடங்கள் பல. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடலாம் என்றால், 2020இல் கொரோனா முடக்கத்தால் மாசு ஏற்கெனவே குறைந்திருந்தது. உக்ரைனின் குளிர்காலத்தில் மேகம் மூடியிருக்கும் நாள்களில் தரையருகே உள்ளதைக் கருவியால் பார்க்க முடியாது. 2022 அக்டோபர் முதல் மின் கட்டமைப்பு தாக்கப்பட்டபோது ஊரெங்கும் இயங்கிய டீசல் ஜெனரேட்டர்களின் சிதறிய புகையைத் தனியாகப் பிரித்தறிவதும் எளிதன்று.

கேள்வி: அப்படியானால் போரினால் மாசு கூடுவதைச் செயற்கைக்கோள் காட்டுவதே இல்லையா?

பதில்: காட்டுகிறது, பெரிய தீயாக இருந்தால். 1991இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியப் படை அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணறு அடைக்கப்பட்ட நவம்பர் வரை அந்தக் கரும்புகை விண்வெளிப் படங்களில் தெரிந்தது. 2016 அக்டோபரில் ஈராக்கின் மோசுல் நகருக்குத் தெற்கே மிஷ்ராக் கந்தக ஆலை தீவைக்கப்பட்டபோது எழுந்த கந்தக டை ஆக்சைடு மேகத்தையும் செயற்கைக்கோள்கள் பின்தொடர்ந்தன. ஆனால் இடிந்த கட்டடங்களின் ஆஸ்பெஸ்டாஸ் தூசியை எந்தச் செயற்கைக்கோளும் அளப்பதில்லை. அதைத்தான் இடிபாடுகளுக்குள் வாழ்பவர்கள் சுவாசிக்கிறார்கள் என்பதால், வானத்திலிருந்து கிடைக்கும் எண்ணை அவர்களுடைய உடல்நலத்தின் அளவாக எடுத்துக்கொள்வது தவறு. அதற்குத் தரையில் அளவீட்டு நிலையங்கள் வேண்டும், அவையோ போர்க்களத்தில் மின்சாரம் இல்லாமல் நின்றுபோகின்றன.

கேள்வி: நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பது போதுமா?

பதில்: போதாது. காலை, மாலை நெரிசலும் இரவுத் தாக்குதலுக்குப் பிந்தைய மாற்றமும் அதில் விடுபடுகின்றன. 2025 ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-4, பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றிவரும் புவிநிலைப் பாதையிலிருந்து பகல் நேரத்தில் மணிக்கொருமுறை ஐரோப்பாவைப் பார்க்க வடிவமைக்கப்பட்டது. அதற்கும் சூரிய ஒளி தேவை என்பதால், இரவு நேரம் அப்போதும் அளக்கப்படாமலேயே இருக்கும்.