வளவும் சி மொழியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். எங்களுக்குச் சி மொழி நடத்துகிறார்கள். ஐம்பது வருடப் பழைய மொழி, வேலைக்கு ஆகாது, பைத்தான் போதும் என்கிறார்கள் சீனியர்கள். இன்றும் சிலர் ஏன் சி-யைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? வெறும் பழக்கமா? நல்ல புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.

எஸ்., ஆத்தங்குடி

அன்புள்ள தம்பி,

கடிதத்தின் அடியில் ஊர்ப் பெயரைப் பார்த்ததால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். காரணம் பிறகு.

உங்கள் சீனியர்கள் கொண்டாடும் பைத்தானை ஓட்டும் இன்டர்பிரட்டரே சி-யில் எழுதியதுதான். அதுகூடத் தெரியாதவர்களிடம் வழி கேட்டுவிட்டு எனக்கு எதற்குக் கடிதம்? பழையது என்கிற வாதத்துக்குப் பதில் சொல்லப்போவதில்லை. சி வேகம் என்பார்கள். ரஸ்ட் என்ற புது மொழியும் வேகம்தான், விடுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கானாடுகாத்தான் போயிருந்தேன். வளவில், அதாவது வீட்டு நடுவே இருக்கும் முற்றத்தில், உட்கார்ந்திருந்தபோது தோன்றியது இது. சுற்றிலும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. நம் பக்கம் நகரத்தார் வீடுகளில் கல்யாணமானதும் பிள்ளையை வேறு வைத்துவிடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தனி அடுப்பு, தனிக் கணக்கு, ஊர் வரிக்குத் தனிக் குடும்பமாக எண்ணும் தனிப் புள்ளி. ஆனால் வளவு எல்லாருக்கும் பொது.

மொழிகளும் அப்படித்தான் குடியிருக்கின்றன. பைத்தானுக்கு ஓர் அடுப்பு, ரஸ்டுக்கு ஓர் அடுப்பு. ரஸ்டில் எழுதியதைப் பைத்தானிலிருந்து கூப்பிட வேண்டுமா? இரண்டும் சி-யின் முறைக்கு இறங்கி வரவேண்டும். எந்த மதிப்பைச் செயலிக்குள் இருக்கும் எந்தச் சிற்றறையில் (ரெஜிஸ்டர்) கொடுப்பது, தகவலை மெமரியில் எப்படி அடுக்குவது, எல்லாம் சி போட்ட வழக்கம். 1973-இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைச் சி-யில் திருப்பி எழுதினார்கள். அப்போது போட்ட தளம் இன்னும் பெயரவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் 2022 டிசம்பரில் ரஸ்ட் வந்தது. நல்ல பிள்ளைதான். ஆனால் உள்ளே நுழைந்ததும் அதற்கு விழுந்த வேலைகளில் ஒன்று, சுற்றியிருக்கும் சி-யோடு பேச இணைப்பு எழுதுவது. வேறு வைத்த பிள்ளையானாலும் வாசலுக்குப் போக வளவைத் தாண்டித்தானே ஆகவேண்டும்? தேர்ந்தெடுக்கிறார்களாம்! வளவை யாரய்யா தேர்ந்தெடுத்தார்கள்?

அதே வளவில் ஒரு சங்கடமும் உண்டு. நடுவில் சுவர் கிடையாது. நம் சாமான் பக்கத்துப் பங்காளி வாசல்வரை பரவினாலும் தடுக்க ஆளில்லை.

ஆத்தங்குடி ஞாபகம் அதனால்தான். பல வருடம் முன்பு அங்கே அப்பத்தா வீட்டு மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு பெட்டி செய்தேன். உள்ளே ஏடிமெகா328 சிப், ஓடும்போது தகவல் வைக்க இருக்கும் மெமரி (ராம்) வெறும் 2 கிலோபைட். அந்த இடுக்குக்குள் எனக்குத் தோதாகச் சி-தான் இருந்தது. திரையில் ஊர்ப் பெயர் காட்ட எட்டு பைட் ஒதுக்கினேன். அதை ஒட்டிய இரண்டு பைட்டில், மோட்டார் ஓடவேண்டிய நிமிடம்: 20. சோதனைக்குக் கோவிலூர் என்று போட்டேன். ஆங்கிலத்தில் அது ஏழு எழுத்து, முடிவைக் குறிக்கும் சுழியத்தோடு எட்டு. கச்சிதம். மாட்டும்போது ஆத்தங்குடி என்று மாற்றினேன். ஒன்பது எழுத்து, சுழியத்தோடு பத்து. கடைசி எழுத்தான ஆங்கிலப் பெரிய 'ஐ'யும் (I) சுழியமும் நிமிடத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. சி வாயே திறக்கவில்லை. கணினி எழுத்துகளை எண்ணாக வைக்கும் ஆஸ்கி முறையில் 'ஐ'க்கு எண் 73. மோட்டார் 73 நிமிடம் ஓடியது. மாடித் தொட்டி வழிந்து, ஓட்டில் இறங்கி, வளவில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றல் எல்லாம் மிதந்தது. எங்கள் வற்றல்கூட இல்லை, பங்காளி வீட்டுடையது.

விஷயத்தை அப்பத்தாவிடம் விளக்கினேன். "எட்டு இலை போட்டுட்டு பத்துப் பேரை உட்கார வச்சியாக்கும்" என்றார். இதைவிடச் சரியாக எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

2014-இல் உலகத்தையே கலங்கடித்த, இணையப் பாதுகாப்பு மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டையும் அளவு பார்க்காமல் விட்டதால் வந்ததுதான். அதனால் இன்று புதிதாக இணையச் சேவை எழுதுகிறவன் சி-யை எடுத்தால் நானே திட்டுவேன். நீங்கள் சி படிப்பது வேறு. இலையை எண்ணிப் பழக வேண்டாமா?

புத்தகம் கேட்டிருந்தீர்கள். கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்', 1988-இல் வந்த இரண்டாம் பதிப்பு. ஐந்தாம் அத்தியாயம் பாயின்டர், அதாவது மெமரியின் முகவரியைக் கையாள்வது. உங்கள் சீனியர்கள் அங்கேதான் ஓடியிருப்பார்கள். நீங்கள் அங்கே திணறினால் எழுதுங்கள். எந்த வரியில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள், மொத்தமாகப் புரியவில்லை என்று எழுதினால் பதில் போடமாட்டேன்.