பள்ளிக்கூடம் போகாத ஸ்டீவன்சன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன் பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். அவரே லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில்பாதையைப் போட்டார் என்றால் நான் நாலு வருஷம் பொறியியல் கல்லூரியில் உட்கார்ந்திருந்தது எதற்கு? அனுபவ அறிவே போதும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

இதை அவரிடமே கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த சொற்பக் கூலியில் காசு கட்டி இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டியவர் அவர். மகன் ராபர்ட்டை நியூகாசிலில் நல்ல பள்ளியில் சேர்த்து, பையன் வீட்டுக்குக் கொண்டுவந்த பாடத்தைக் கூடவே உட்கார்ந்து தானும் படித்தார், அப்புறம் அவனை எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார். படிப்பு வேண்டாம் என்கிற ஆள் செய்கிற காரியமா இது?

தானே சோதித்துப் பார்க்காத எதையும் அவர் நம்பமாட்டார், அவ்வளவுதான். 1815இல் சுரங்கத்துக்கான பாதுகாப்பு விளக்கு ஒன்றைச் செய்தார். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கில்லிங்வொர்த் சுரங்கத்தில் தீப்பற்றி வெடிக்கக்கூடிய வாயு சீறிக்கொண்டு வரும் இடத்துக்கு அதை ஏற்றிக் கையில் பிடித்தபடி அவரே நடந்து போனார். கணக்குத் தப்பியிருந்தால் ஆள் மிஞ்சியிருக்கமாட்டார். அதே சமயத்தில் லண்டனின் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியும் ஒரு விளக்கு செய்திருந்தார். படிக்காத சுரங்க மெக்கானிக்குக்கு இதெல்லாம் எப்படி வரும் என்று டேவி தரப்பு ஏளனம் பேசியது. லண்டன் நிபுணர்கள் மேல் அவருக்கிருந்த கசப்பை இதோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ரயில்பாதையிலும் அதே புத்திதான். 1818 வாக்கில் சுரங்கப் பொறியாளர் நிக்கலஸ் வுட்டோடு சேர்ந்து வண்டியை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து பார்த்தார். சின்ன ஏற்றம்கூட எஞ்சினின் இழுவையைத் தின்றுவிடுகிறது. சரி, அப்படியானால் மேட்டை வெட்டு, பள்ளத்தைத் தூர்த்து நிரப்பு, செலவானாலும் பாதை சமமாக இருக்கட்டும் என்பது கடைசி வரை அவர் பிடிவாதம். (வயதான காலத்தில் வெள்ளரிக்காய் வளையாமல் இருக்கக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு வளர்த்தவர் வேறெப்படி இருப்பார்!)

ஆனால் எல்லாவற்றையும் ஒருவர் கையாலேயே தொட்டுப் பார்க்க முடியாதே. 1825இல் நாடாளுமன்றக் கமிட்டி முன் லிவர்பூல் பாதைக்காகச் சாட்சி சொல்லப் போனபோது, எதிர்த்தரப்பு வக்கீல் ஆல்டர்சன் மட்டக் கணக்கை, அதாவது நிலம் எங்கே எவ்வளவு உயரம் என்ற அளவைப் பிடித்துக்கொண்டார். உதவியாளர்கள் எடுத்த அளவு, இவர் சரிபார்க்கவில்லை. இர்வெல் ஆற்றுக்குத் திட்டமிட்ட பாலம் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தது! பாதைக்கு அனுமதி கேட்ட மசோதா தோற்றது. மறு வருஷம் வேறு ஆட்கள் அளந்து கொடுத்த பிறகுதான் நிறைவேறியது. அதற்குப் பின் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள், பாதை போடவே முடியாது என்று எல்லோரும் சிரித்த, வழியில் இருந்த சாட் மாஸ் சதுப்பின் மேல் புதர்ச்செடிப் படல்களைப் பரப்பிப் பாதையை மிதக்கவிட்டார் என்பது வேறு கதை.

நீங்கள் சிவிலா மெக்கானிக்கலா என்று எழுதவில்லை. சிவில் என்றால், நில மட்டம் அளக்கும் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மைதானத்தைச் சுற்றியிருப்பீர்கள். அதை ஒழுங்காகச் செய்துகொடுக்க அன்றைக்கு ஓர் ஆள் இருந்திருந்தால் அவருக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.